முதலில் நம் வார்டு

குழந்தைக்குச் சுரம் கண்டதும் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பேருந்து மாறி மாறி, கே.ஆர். மார்க்கெட் அருகே 1935 முதல் சேவை புரிந்துவரும் வாணிவிலாஸ் ஆஸ்பத்திரிக்கே விரைந்து, சீட்டு வாங்கும் வரிசையில் அரைநாளைக் கழித்து, அன்றைய கூலியையும் இழக்கும் தாய்மார்கள் பெங்களூரில் அநேகர்.

சாதாரணச் சளி, இருமலுக்கு அத்தனை தூரம் அவசியமில்லை. முதலில் நம் வார்டு. 2023-இல் மாநகரெங்கும் வார்டுகளில் திறக்கப்பட்ட ‘நம்ம கிளினிக்’குகளில் டாக்டரின் ஆலோசனை, மருந்து, சில பரிசோதனைகள் யாவும் இலவசம், தடுப்பூசியும் உண்டு. பலவும் மாலையிலேயே கதவடைத்துவிடுவது, வேலைக்குப் போகும் தாய்க்குப் பெருங்குறைதான்.

வலிப்பு, மூச்சுத்திணறல், பால் குடிக்க மறுத்தல் போன்ற ஆபத்தான அறிகுறிகளுக்கு க்ஷணமும் தாமதியாமல் பெரிய ஆஸ்பத்திரி. சாதாரண உபாதைகளுக்கெல்லாம் முதலில் நம் வார்டு. புறப்படும்போது தடுப்பூசி அட்டையை மறவாதீர்கள்.