சேரியில் போய்க் கேளுங்கள்

தோழர்களே, முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் செத்து, கல்லறை தெரியாதவர்களுக்கு 1929-இல் பாஸ்ராவில் நினைவுச்சின்னம் எழுப்பினான் வெள்ளைக்காரன். வெள்ளைச் சிப்பாய்க்குக் கல்லில் பேர். இந்திய அதிகாரிக்கும் பேர். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு வெறும் எண்ணிக்கை! காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இப்படிப்பட்ட பாகுபாட்டுக்கு மன்னிப்புக் கேட்டதே 2021-இல்தான்.

அந்தப் போர்முனைக்குப் போன மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் ஏராளம். ஆணையத்தின் பதிவேட்டில் பலருக்கு ஒற்றைப் பேர், தகப்பன் பேர், கிராமம் கிடைக்குது. அதை வைத்து வாரிசைத் தேடிப் போற மாணவர்கள், ஊர்த்தெருவில் விசாரிச்சு ‘அப்படி யாருமில்லை’ன்னு கேட்டுக்கிட்டுத் திரும்பாதீங்க. பதிவேடு கிராமத்தைச் சொல்லும், சேரியைச் சொல்லாது. சேரிக்குப் போங்க, கிழவிகளைக் கேளுங்க. பாட்டன் பேரைப் பேரனுக்கு வைக்கிறவங்க நாம. அந்தப் பேரில் இப்போ ஒருத்தன் இருக்கானான்னு முதல்ல பாருங்க.