மலை இறங்கும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

(நம் பங்கின் பொன்விழா ஆண்டில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நடந்த கல்வி மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து நாம் கோயில் வாசலில் நின்றிருந்தபோது, தோட்ட வேலைக்குப் போகும் தாய் ஒருத்தி வந்து தோத்திரம் சொன்னாள். "சாமி, பாப்பாவுக்கு மெட்ராஸ்ல ஒரு பெரிய காலேஜ்ல இடம் கெடச்சிருக்கு. காந்திகிராமத்துலயும் கெடைக்கும்போல இருக்கு. ரெண்டுல எது பெருசு சாமி?" என்று கேட்டாள். அருகில் நின்ற மகளோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் நம்மால் விடை சொல்ல இயலவில்லை. "யோசித்துச் சொல்கிறோம் அம்மா" என்றோம். யோசித்ததைத்தான் இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்ல வந்திருக்கிறோம். அந்தத் தாய் எது பெரிது என்று கேட்டாள். எது பொருந்தும் என்று கேட்கவில்லை. நம்மில் பலர் செய்கிற பிழையும் இதுதான்.

முதலில், பெரியது என்றால் என்ன என்று பார்ப்போம். சென்னைப் பல்கலைக் கழகம் 1857-ல் தோன்றியது. மதுரைப் பல்கலைக் கழகம் 1966-ல் தோன்றி, 1978 முதல் காமராசர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவற்றின் பட்டம் பெற்றவர்கள் ஆயிரமாயிரம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பல்கலைக் கழக வளாகத்தில் படித்தவர்கள் அல்லர். அதனோடு இணைந்த ஏதோ ஓர் ஊரின் கல்லூரியில் படித்தவர்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியையே எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அது சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்திருந்தது. 1982-ல் பாரதிதாசன் பல்கலைக் கழகம் தோன்றியபின் அதனைச் சார்ந்தது. பட்டத்தாளில் பெயர் மாறியது. வகுப்பறை மாறவில்லை, விடுதி மாறவில்லை.

வேறு வகைகளும் உண்டு. 1929-ல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக் கழகம், மாணவர் அங்கேயே தங்கிப் படிப்பதற்கென்று அமைந்தது. 1978 முதல் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்று, பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாமே நடத்துகின்றன. நம் மலையடிவாரத்துக் காந்திகிராமமோ இன்னொரு வகை. 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் சேவை நிலையமாகத் தொடங்கியது அது. 1956-ல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் பிறந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக் கழகம் ஆயிற்று.

ஆகவே, பெயரின் பெருமை வேறு, பிள்ளை நாள்தோறும் வாழப்போகும் இடத்தின் அளவு வேறு. உங்கள் பிள்ளைக்குக் கல்லூரி என்பது அந்த ஒரு வகுப்பறை, அந்த ஒரு துறை, அந்த ஒரு விடுதி அறை. அளந்து பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

பெரிய இடத்தில் நன்மை இல்லையா? நிறைய உண்டு. பெரிய நூலகம், நல்ல ஆய்வுக்கூடம், பல துறைகள், பல மாவட்டத்துப் பிள்ளைகள், பல மொழி, பல பழக்கம். கணக்குப் படிக்கப் போனவன் பக்கத்துக் கட்டடத்தில் புள்ளியியல் என்ற ஒன்று இருப்பதை அங்கேதான் அறிகிறான்.

இன்னொரு நன்மையும் உண்டு. அதை வெளிப்படையாகவே சொல்லி விடுகிறோம். நம் ஊர்களில் ஒரு பிள்ளை வாயைத் திறக்குமுன்பே அவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, எந்தச் சாதி என்று தெரிந்துவிடுகிறது. அவன் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் அந்தக் கணக்கு முன்னே வந்து நிற்கிறது. பெருநகரக் கல்லூரியில் சாதி இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் முதல் நாளில் யாருக்கும் அவனைத் தெரியாது. தன்னைத் தெரியாத ஓரிடத்தில் நிமிர்ந்து நடப்பது சிலருக்கு மருந்து. கூட்டத்தில் கரைந்துபோவது வேறு சிலருக்குக் காயம். உங்கள் பிள்ளை எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நம் கதையையும் சொல்கிறோம். குருமடப் பயிற்சியின் நடுவில் பட்டப் படிப்புக்காக நாம் ஒரு பெருநகரக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டோம். பள்ளியில் முதல் மாணவனாக இருந்த நாம் அங்கே வருகைப் பதிவேட்டில் ஓர் எண். ஆங்கிலத்தில் நடந்த பாடம் பாதி புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். முதல் பருவத்தில் இரண்டு தாள்கள் போயின. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டவர் ஒரே ஒருவர், நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தரும் பெரியவர். "தம்பி, தினம் வர்றே, ஒரே பக்கத்தைப் பாத்துக்கிட்டு இருக்கியே?" என்றார். எளிய நூல் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு மனிதரால் அந்தப் பெரிய இடம் நமக்கு ஒரு வீட்டின் அளவாயிற்று.

டாக்டர் அப்துல் கலாம் அவர்களை அறியாதார் யார்? இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன். 1950-ல் தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே விடுதிக் காப்பாளராக இருந்த அருட்தந்தை செக்குவேரா, இரவுதோறும் ஒவ்வொரு மாணவனையும் போய்ப் பார்ப்பாராம். தீபாவளிக்கு விடுதிப் பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் கொடுப்பார்களாம். இதையெல்லாம் கலாம் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் நன்றியோடு எழுதியிருக்கிறார். நாட்டின் தலைமகனாய் இருந்த ஒருவர் நல்லெண்ணெயை நினைவில் வைத்திருந்தார் பாருங்கள்! இன்னொன்றும் எழுதியிருக்கிறார். இயற்பியல் தமக்குரிய படிப்பு அன்று, பொறியியலே தம் வழி என்று பட்டப் படிப்பின் கடைசி ஆண்டில்தான் உணர்ந்தாராம். பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் சேர, அவருடைய தமக்கை தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். ஆகவே, முதல் முடிவே முழு முடிவு என்று பிள்ளையை மிரட்டாதீர்கள்.

2019-ல் புனிதர் பட்டம் பெற்ற கர்தினால் நியூமன், 1854-ல் டப்ளின் நகரில் தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக் கழகத்தின் முதல் தலைவர். அவர் மாணவரை மொத்தக் கூட்டமாக விட்டுவிடவில்லை. சிறு சிறு இல்லங்களாகப் பிரித்து, ஒவ்வோர் இல்லத்துக்கும் பொறுப்பாளர் வைத்தார். பெரிய பல்கலைக் கழகத்துக்குள் சிறிய வீடு வேண்டும் என்பதே அவர் கண்ட வழி.

இது நம் மலை மக்களுக்குப் புதிய பாடமா? 1970-களில் முடிக்கொத்து நோய் நம் வாழைத் தோட்டங்களை அழித்த கதையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்னாளில் நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகள் வந்தன. அந்தக் கன்றைக் கண்ணாடிக் குப்பியிலிருந்து எடுத்து நேரே தோட்டத்தில் நடுகிறார்களா? நிழல்வலைக் குடிலில் சில வாரம் வைத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கித்தானே நடுகிறார்கள்! கன்றுக்குச் செய்வதைப் பிள்ளைக்குச் செய்ய வேண்டாமா?

ஆதலால், சேர்க்கைப் பணம் கட்டுமுன் சில கேள்விகளுக்கு விடை தேடுங்கள். விழா நாளில் போய்ப் பார்க்காதீர்கள்; வேலை நாளில் பிள்ளையோடு போங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியே நிறுத்தி, "உன் பெயர் தெரிந்த ஆசிரியர் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். விடுதியில் முதலாண்டுப் பிள்ளைக்கு நிச்சயமாக இடம் உண்டா? பாடம் பிடிக்கவில்லை என்றால் துறை மாற வழி உண்டா? ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்குத் தனி வகுப்பு உண்டா? பணம் ஒரு மாதம் தாமதமானால் யாரைப் பார்ப்பது? உதவித்தொகைகளையும் விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்காக 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் மாதம் ரூ. 1000 என்று வந்தது. நம் வீடுகளில் அது சின்னத் தொகை அன்று.

பக்கத்தில் இருப்பது எல்லாம் சிறியது என்றும் எண்ணாதீர்கள். காந்திகிராமத்தில் பிற மாநிலப் பிள்ளைகளும் வந்து படிக்கிறார்கள். நாமோ பஸ்ஸில் அதைக் கடந்து போகிறோம். அதே நேரம், பக்கம்தானே என்று நாள்தோறும் 18 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறச் சொல்லாதீர்கள். கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே படிக்கிற பிள்ளை எங்கே படித்தாலும் பாதிப் படிப்புத்தான் படிக்கும். அங்கேயும் விடுதி வேண்டும்.

இறுதியாக, ஒரு குற்றத்தை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கிலிருந்து ஒரு பையன் பெருநகரக் கல்லூரிக்குப் போனான். பங்கே கூடி வழியனுப்பினோம், மாலை போட்டோம், படம் எடுத்தோம். மூன்றாம் மாதம் பெட்டியோடு திரும்பி வந்தான். அவன் வகுப்புக்கு வராமல் விடுதியிலேயே கிடந்ததை யாரும் கவனிக்கவில்லையாம். "இவ்வளவு பெரிய கல்லூரியில் ஒருவர்கூடவா கேட்கவில்லை?" என்று நாம் கோபப்பட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "நீங்களும் போன் பண்ணலியே சாமி" என்றான்.

அன்பார்ந்தவர்களே, அந்தச் சொல் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. அவன் இப்போது குதிரையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருக்கிறான். உழைத்து உண்பதில் இழிவில்லை. ஆனால் அவன் விரும்பியது அதுவன்று.

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் ஒரு குறிப்பேடு திறந்திருக்கிறோம். வெளியூரில் படித்தவர்கள், வேலை பார்ப்பவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் அதில் எழுதுங்கள். மலை இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த ஊரில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்க வேண்டும். முதல் மூன்று மாதம், ஞாயிறுதோறும் மாலையில் நாமே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுவோம். நாம் மறந்தால் நம்மைக் கேளுங்கள்.

அந்தத் தாய்க்கு என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். புதன்கிழமை மாலை அவள் மகளைத் தனியே அழைத்து, "நீ என்னம்மா நினைக்கிறாய்?" என்று கேட்டோம். இதுவரை யாரும் தன்னைக் கேட்கவில்லை என்றாள். இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் தாயும் மகளும் காந்திகிராமம் போகிறார்கள். அடுத்த வாரம் சென்னை. குறிப்பேட்டில் பெயர் எழுதிய ஒரு குடும்பம் அங்கே அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

அவள் எதைத் தேர்ந்தாலும் நம் ஆசீர் உண்டு. உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே ஆகுக. தோத்திரம்.