மூன்று தரம் சொன்ன பிறகு



தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்ததும் ஏலம் நடப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அம்மன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று சொல்லி முடித்துவிட்டால் பழம் கடைசியாகக் கேட்டவருக்குச் சொந்தம். யார் முதலில் கேட்டது என்று சச்சரவு எழுந்தாலும், கோயில் தலைவர் அங்கேயே இருப்பார். கேட்டவர்களும் நம் லயத்து ஆட்கள்தான். பேச்சு அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆனால் ஏலம் விடுபவர் வேறொரு நாட்டில் இருந்து, நாம் கைத்தொலைபேசி வழியாகக் கேட்டு, அதில் தகராறு வந்தால் என்ன செய்வது? விளையாட்டு வீரர்களின் நினைவுப்பொருள்களை விற்கும் ஏல நிறுவனங்களைப் பற்றி இன்று நாம் பேசப்போவது இதற்காகத்தான்.

பழைய சட்டைக்கும் தொப்பிக்கும் யார் பணம் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் கேட்கலாம். கொடுக்கிறார்கள். 1986-ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அணிந்த சட்டை, 2022-ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் 71 லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போயிற்று. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஷேன் வார்ன் தம்முடைய பச்சைத் தொப்பியை 2020-இல் காட்டுத்தீ நிவாரணத்துக்காக ஏலம் விட்டார். அது 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. இவை பெரிய மனிதர்கள் வாங்கும் பொருள்கள். ஆயினும் சில நூறு வெள்ளிக்கு விற்கும் கையெழுத்திட்ட சட்டைகளும் பந்துகளும் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டக் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். காற்பந்து என்றால் அவனுக்கு உயிர். வெளிநாட்டு ஏலம் ஒன்றில், கையெழுத்திட்ட ஒரு சட்டையை நம் பணத்துக்கு 900 வெள்ளி என்ற விலையில் வென்றுவிட்டான். வீடே மகிழ்ந்தது. மூன்றாம் நாள் பட்டியல் வந்தது. அதில் சட்டையின் விலை 1,100. கமிஷன் 220. அனுப்பும் செலவு 120. மொத்தம் 1,440 வெள்ளி!

"ஏமாற்றிவிட்டார்களடா தம்பி! பணம் கட்டாதே, விட்டுவிடு" என்றார் தந்தை. "கட்டாவிட்டால் நம்மேல் வழக்குப் போட்டுவிடுவார்களோ" என்று பயந்தார் தாய். பல மாதம் கூட்டுக் கட்டி அவர் சேர்த்து வைத்திருந்த பணம்தான் வீட்டில் இருந்தது.

இந்தக் குடும்பத்துக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்றில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. மற்றொன்றில் இல்லை.

இல்லாததை முதலில் பார்ப்போம். ஏலத்தில் நின்ற விலை வேறு, நாம் கட்டும் தொகை வேறு. பெரும்பாலான ஏல நிறுவனங்கள், வாங்குகிறவரிடமும் கமிஷன் பெறுகின்றன. நூற்றுக்கு 20 என்பது சாதாரணம். அதற்கு மேலும் உண்டு. அனுப்பும் செலவும் வரியும் தனி. இவை ஏல நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கும். படிக்காமல் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொண்டதுதான். ஆகவே 900 வெள்ளிக்குக் கேட்ட மகன், 180 கமிஷனும் 120 செலவும் சேர்த்து 1,200 வெள்ளிக்குத் தயாராக இருந்திருக்க வேண்டும்.

இனி நியாயம் இருந்த பக்கம். விலை 900-இல் நின்றது என்பதில் மகன் உறுதியாக இருந்தான். வெறும் வாய்ப்பேச்சாக அல்ல. முடிவு அறிவிக்கப்பட்டவுடன், பொருளின் எண், விலை, நேரம் மூன்றும் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைத்திருந்தான். ஆசிரியர் ஒருவர் உதவியோடு கடிதம் எழுதினான். திட்டவில்லை, மிரட்டவில்லை. "இந்த எண்ணுள்ள பொருளுக்கு இந்த நேரத்தில் அறிவிக்கப்பட்ட விலை இது. பட்டியலில் இருப்பது அது. யார் யார் எப்போது என்ன விலை கேட்டார்கள் என்ற பதிவைக் காட்டுங்கள். விலை சரி செய்யப்பட்டால் உடனே பணம் செலுத்துகிறோம்" என்று எழுதி, படத்தையும் இணைத்து, பணம் கட்ட வேண்டிய கடைசி நாளுக்கு முன்பே அனுப்பினான். இரண்டு வாரத்தில் 1,200 வெள்ளிக்குத் திருத்திய பட்டியல் வந்தது. அந்த ஒரு படம் 240 வெள்ளியை மீட்டுக் கொடுத்தது.

நேயர்களே, எல்லாத் தகராறும் இப்படி எழுத்துப் பிழையாக இருப்பதில்லை. வேண்டுமென்றே செய்யும் மோசடியும் உண்டு. விலையை ஏற்றுவதற்காக, வாங்கும் எண்ணமே இல்லாத ஆளை வைத்துக் கேட்கச் செய்வது அதில் முதன்மையானது. அமெரிக்காவில் விளையாட்டு நினைவுப்பொருள் வணிகத்தில் பெரும் பெயர் பெற்றிருந்தது மாஸ்ட்ரோ என்ற ஏல நிறுவனம். அதை நடத்திய வில்லியம் மாஸ்ட்ரோ, இத்தகைய பொய்க் கேள்விகளால் விலையை உயர்த்தியதை 2013-ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் படம் பொறித்த, நூறாண்டுப் பழமையான ஒரு சிகரெட் அட்டை 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விலைபோயிருந்தது. அந்த அட்டையின் ஓரத்தைத் தாமே வெட்டிச் சீராக்கியதையும் அவர் ஒப்புக்கொண்டார். 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. பெரிய பெயர் மட்டும் நாணயத்துக்குச் சான்றாகாது என்பதற்கு இது போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஏலம் கேட்பது என்பது, "இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று நாம் முன்வைக்கும் வேண்டுகோள். சுத்தியல் விழும்போதுதான் ஒப்பந்தம் முடிகிறது. அதுவரை கேட்டவர் பின்வாங்கலாம். இங்கிலாந்து நீதிமன்றம் 1789-இலேயே இதைத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும் இந்த வழியையே பின்பற்றுகிறது. விற்பவர் தாமும் கேட்பார் என்று முன்கூட்டி அறிவிக்காமல், தாமோ தம் ஆளைக் கொண்டோ கேட்டால், அந்த விற்பனையை மோசடியாகக் கருத வாங்கியவருக்கு உரிமை உண்டு. ஆனால் சந்தேகம் மட்டும் போதாது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்து விலையை ஏற்றிவிட்டு விலகுகிறதா என்று கவனித்துக் குறித்து வைக்க வேண்டும்.

இன்னொரு வகைத் தகராறு, பொருள் உண்மையானதா என்பது. மரடோனாவின் சட்டைக்கே இந்தக் கேள்வி வந்தது. ஆட்டத்தின் முற்பாதியில் அணிந்த சட்டைதான் அது, கோல்கள் விழுந்த பிற்பாதிச் சட்டை அல்ல என்று அவர் மகள் சொன்னார். ஏல நிறுவனமோ, சட்டையின் நுண்ணிய அடையாளங்களைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, அது பிற்பாதிச் சட்டையே என்று பதில் கூறியது. ஆகவே சான்றிதழ் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதை யார் கொடுத்தது, எதை வைத்துக் கொடுத்தார்கள், தவறென்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று கேளுங்கள்.

தகராறு வந்தால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம். வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளை குறித்துக்கொள்ளட்டும்.

முதலாவது, ஏல மண்டபத்தில் நேரில் இருந்தால், அடுத்த பொருள் ஏலத்துக்கு வருமுன் கையை உயர்த்திச் சொல்லிவிடுங்கள். அந்தப் பொருளை மறுபடி ஏலம் விடும் அதிகாரத்தை ஏலக்காரர்கள் பொதுவாகத் தம் கையில் வைத்திருப்பார்கள். நாள் கடந்தால் அது கடினம்.

இரண்டாவது, நிபந்தனைகளை மறுபடி படியுங்கள். கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும் என்ற விதி சில ஏலங்களில் உண்டு. அது தெரியாமல், "மணி அடித்த பிறகு எப்படிக் கேட்டான்" என்று சண்டை போடுவதில் பயனில்லை.

மூன்றாவது, எதையும் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசினாலும் பேசியதைக் கடிதமாக எழுதி அனுப்பிவிடுங்கள். என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள்: விலைத் திருத்தமா, விற்பனை ரத்தா, பணம் திரும்பவா?

நான்காவது, காரணம் சொல்லாமல் பணத்தை நிறுத்தி வைக்காதீர்கள். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால், உடனே வங்கிக்குப் புகார் எழுதுங்கள். பணத்தை மீட்க வழி இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

ஐந்தாவது, விற்றவர் மலேசியாவில் இருந்தால், 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்குக் கொண்டு செல்லலாம். வழக்கறிஞர் தேவையில்லை. உங்கள் விவகாரம் அதன் அதிகாரத்துக்குள் வருமா என்று முதலில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால், வழக்கு அவர்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று நிபந்தனையில் எழுதியிருக்கக்கூடும். 500 வெள்ளிச் சட்டைக்காக லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போக முடியுமா? கேட்பதற்கு முன்பே இதை யோசிக்க வேண்டும்.

விற்கிறவர்களுக்கும் ஒரு சொல். நம் இனத்தைச் சேர்ந்த காற்பந்துக் காவலர் ஆறுமுகத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1988-இல் சாலை விபத்தில் மறைந்த அவரைப் போன்றோர் காலத்துக் கையுறையோ, புகைப்படமோ, போட்டிச் சீட்டோ சில வீடுகளின் பழைய பெட்டியில் கிடக்கலாம். யாராவது வந்து "ஏலத்தில் விட்டுத் தருகிறோம்" என்றால், பொருளைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த விலைக்குக் குறைந்தால் விற்கக்கூடாது என்ற வரம்பு, கமிஷன் எவ்வளவு, பணம் எந்த நாளில் கைக்கு வரும், விற்காவிட்டால் பொருளை யார் செலவில் திருப்பித் தருவார்கள் என்ற நான்கையும் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கொடுங்கள்.

அந்தக் குடும்பத்தின் கதையை முடித்துவிடுகிறோம். திருத்திய பட்டியலின்படி, தாயின் கூட்டுப் பணத்திலிருந்து 300 வெள்ளி எடுத்துத்தான் மகன் கணக்கைத் தீர்த்தான். அதை மாதம் 50 வெள்ளியாக ஆறு மாதத்தில் திருப்பிக் கொடுத்தான். சட்டை இன்று அவர்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அதன் பின்புறம் பட்டியல்கள் இரண்டையும், கடிதத்தின் நகலையும் தந்தை ஒட்டி வைத்திருக்கிறார். அடுத்த முறை மகன் ஏலம் கேட்க உட்காரும்போது, "கமிஷன் சேர்த்து எவ்வளவு?" என்று முதலில் கேட்பவர் அவர்தான்.

கோயில் ஏலத்தில் கை தூக்குமுன் நாம் மடியைத் தொட்டுப் பார்க்கிறோம். கைத்தொலைபேசியில் விரல் வைக்குமுன்னும் அதே பழக்கம் நமக்கு இருக்கட்டும்.