வேலியும் வெளியும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஐந்து கொத்து அரிசியையும் மூன்று முழம் துணியையும் கூட்டினால் வருவது என்ன? எட்டு என்று சொன்னால், எட்டு எது? கேட்டால் நம் வீட்டுச் சிறுவனும் சிரிப்பான். கணினியோ சிரிக்கமாட்டாது, அதற்கு எல்லாம் இலக்கமே. ஆதலின் எந்த இலக்கம் எவ்வகையைச் சார்ந்தது என்று காவல் செய்யும் பொறுப்பு நிரல் மொழியைச் சார்ந்தது. அக்காவலை நிரல் ஓடுமுன்னரே செய்வதா, ஓடும்போது செய்வதா? இதுவே நெடுநாள் வழக்கு.

1957 இல் வெளிவந்த போர்ட்ரான் மொழியில் பெயரின் முதலெழுத்தே வகையைக் காட்டிற்று. வகை முன்னரே தெரிந்துவிடும். 1958 இல் ஜோன் மக்கார்த்தி வகுக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியோ வகையை ஓடும்போதே பார்த்தது. ஆகவே இரு வழியும் ஒரே வயதின. ஒன்று பழமை, மற்றது புதுமை என்பார் கூற்று பொருந்தாது.

1970 இல் நிக்கிளாஸ் விர்த்தின் பஸ்கால், முன்காவலைக் கல்விக்கூடங்களிற் பரப்பிற்று. பின்னர் 1991 இல் பைதனும் 1995 இல் ஜாவாஸ்கிரிப்டும் வந்தன. விரைவே பெரிதென்று பலர் வேலியைத் துறந்தனர். ஆனால் நிரல்கள் இலட்சக்கணக்கான வரிகளாய் வளர்ந்தன. ஒருவர் எழுதியதை வேறொருவர் திருத்த நேர்ந்தது. வேலியின் அருமை அப்பொழுது தெரிந்தது. 2012 இல் டைப்ஸ்கிரிப்ட் தோன்றியது. 2015 இல் பைதனும் வகைக் குறிப்புகளுக்கு முறையாக இடங்கொடுத்தது.

அப்படியாயின் வேலி ஒன்றே போதுமா? 1996 ஜூன் 4 ஆம் நாள் ஐரோப்பாவின் அரியான் 5 ஏவூர்தி புறப்பட்டு ஏறக்குறைய 40 விநாடியில் வெடித்துச் சிதறிற்று. அதன் வழிகாட்டு நிரல், கண்டிப்பிற் பெயர்பெற்ற அடா மொழியில் எழுதப்பட்டது. 32,767 இற்கு மேற்படாத முழு எண்ணுக்கே இடமுள்ள ஓரிடத்தில், அதனினும் பெரிய எண்ணை மாற்றி வைக்க முயன்றது. ஆபத்துக்குரிய ஏழு மாற்றங்களுள் நான்கிற்கே பாதுகாப்பிட்டு, மூன்றை விட்டிருந்தனர். அந்நிரல் முந்திய அரியான் 4 க்கென எழுதியது. அதில் அவ்வெண் அத்துணை பெருகியதில்லை. புதிய ஊர்தியின் வேகமோ வேறு. வேலி இருந்தது, எதற்காக இட்ட வேலி என்பதை எவரும் மீண்டும் கேட்டிலர்.

இளைஞர்களே! மொழிகளில் மோஸ்தர் மாறும்; இன்று ஏசுவதை நாளை போற்றுவர். நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: என் பிழையை நான் எப்போது அறிய விரும்புகிறேன்? ஒரு மாலைப்பொழுதிற்கான சிறு நிரலாயின், ஓடவிட்டு அறிந்தாலும் கேடில்லை. பிறர் பணமும் உயிரும் அதனைச் சார்ந்திருப்பின் முன்னரே அறிவதே முறை. அப்போதும் பொறி பார்த்துக்கொள்ளுமென்று உறங்கிவிடாதீர்கள். நாம் சொல்லிவைத்ததை மட்டுமே பொறி காக்கும். சொல்லாது விட்டதைக் காப்பது நம் கடன்.