ரீச்சரிடம் கேட்டீர்களா?

(நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில், வற்றாப்பளையிலும் அயற்கிராமங்களிலும் வாழும் பழைய மாணவிகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நாங்கள் ஒன்பது பேர். ஒரு காலத்தில் தகரப் பெட்டியும் தலையணையுமாக வன்னியிலிருந்து வந்து கல்லூரி விடுதியில் இறங்கிய பிள்ளைகள். இன்று வற்றாப்பளை, கேப்பாபிலவு, முள்ளியவளை, தண்ணீரூற்று என்று ஒருவர் வீட்டுக்கு மற்றவர் சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருக்கிறோம். மேடைப் பேச்சு எங்களுக்குப் பழக்கமில்லை. ஆகையால் எழுதி, ஒன்பது பேரும் திருத்தி, பத்தாவதாக ஒருவருக்கும் வாசித்துக் காட்டிக் கொண்டுவந்திருக்கிறோம். அந்தப் பத்தாவது ஆளைப் பற்றியதுதான் இந்த உரை.

அவரும் நம் பழைய மாணவி. மனையியல் ஆசிரியையாக வன்னிக்கு நியமனம் பெற்று வந்து, இங்கேயே கல்யாணம் செய்து, ஊரோடு ஊராகிப் போனவர். பெயர் போட வேண்டாம், ரீச்சர் என்று சொன்னால் போதும் என்றார். ஐந்து வருடமாக அவருக்கு மறதிநோய். வைத்தியர்கள் டிமென்சியா என்கிறார்கள். எங்கள் ஊர்ச் சொல் உங்களுக்குத் தெரியும்: அறளை. "அறளை பெயர்ந்து போச்சு" என்று ஒரு வசனத்தில் ஓர் ஆளை முடித்துவிடுவோம். அதைச் சொன்ன பிறகு அந்த ஆளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. "அம்மா சாப்பிட்டிட்டாவோ?" என்று பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்போம்.

நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். செய்தி கேள்விப்பட்டதும் வெளிநாடுகளில் இருக்கும் உங்களிற் பலர் பணம் அனுப்பினீர்கள். அந்தப் பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியது எங்கள் கடமை. பக்கங்களில் கம்பி வைத்த கட்டில் ஒன்று வாங்கினோம். சக்கர நாற்காலி ஒன்று வாங்கினோம். ரீச்சர் அப்போது நன்றாக நடந்துகொண்டிருந்தார். பெரியவர்களுக்கான பம்பஸ் நான்கு பெட்டி வாங்கினோம். அதற்கும் அப்போது தேவை இருக்கவில்லை. எங்களில் ஒருவர் எங்கோ வாசித்ததை நம்பிக் கதவு கதவாகப் பெரிய எழுத்தில் தாள் ஒட்டினோம்: குசினி, குளியலறை, சாமியறை. அடுத்த நாள் போனபோது எல்லாம் கிழிந்து முற்றத்தில் கிடந்தன. "நான் என்ன பாலர் வகுப்பே?" என்று கேட்டார். நாற்பது வருடம் மற்றவர்களுக்கு எழுத்துப் பிழை திருத்தியவர். கட்டில் இன்னும் மாலுக்குள் கிடக்கிறது, காயப்போட்ட மிளகாய்ச் சாக்குகளோடு.

கேட்கப் பழகியது ஒரு கால்மிதியால். குளியலறை வாசலில் கருநீல நிறத்தில் தடித்த மிதி ஒன்று போட்டிருந்தோம், வழுக்காமல் இருக்கட்டும் என்று. அன்று தொடங்கி ரீச்சர் குளியலறைக்குப் போக மறுத்தார். இழுத்தால் கத்தினார். பிடிவாதம், நோய் கூடிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டினோம். ஒருநாள் எங்களில் இளையவர் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, "ரீச்சர், அதிலை என்ன தெரியுது?" என்று கேட்டார். "பங்கர். நான் இனி அதுக்குள்ளை இறங்க மாட்டன்" என்றார். மிதியை எடுத்தோம். எழும்பிப் போய்க் குளித்தார்.

பிறகுதான் அறிந்தோம். இந்த நோயில் கண் பழுதாகாமலே மூளை காட்சியைப் பிழையாக வாசிப்பதுண்டு. கரிய மிதி பலருக்கும் குழியாகத் தெரியுமாம். வேறு நாட்டில் குழி. எங்கள் மண்ணில் அது பங்கர். இதை எந்த நிபுணர் வந்து சொல்லியிருப்பார்? ரீச்சர் ஒருவரால்தான் முடிந்தது.

நோயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். உலகில் 5 கோடியே 50 இலட்சம் பேருக்கும் மேல் இதோடு வாழ்கிறார்கள். 2003இல் வெளியான ஆய்வொன்று றாகமைப் பகுதியில் 65 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரிடம் இதைக் கண்டது. அல்சைமர் இதில் அதிகம் காணப்படும் வகை. வேறு வகைகளும் உண்டு. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகள், கிருமித்தொற்று என்பவையும் இதே மாதிரித் தடுமாற்றத்தைத் தரலாம், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே வயது போனால் இப்படித்தான் என்று வீட்டில் வைத்திராமல் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். அண்மைக்கால ஞாபகம் பெரும்பாலும் முதலில் போகும். விருப்பு, வெறுப்பு, வெட்கம், கோபம் அப்படிச் சீக்கிரம் போவதில்லை. காலைச் சாப்பாடு மறந்துபோன ஆளுக்குத் தன்னை அவமதித்தவர் யாரென்பது நினைவிருக்கும். நாங்கள் அனுபவப்பட்டவர்கள்.

இந்த நோய் உள்ளவர்களிடமே கேட்டுத்தான் அவர்களுக்கானதைச் செய்ய வேண்டும் என்பது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. அவுஸ்திரேலியாவில் அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த கிறிஸ்டீன் பிறைடனுக்கு 1995இல், 46 வயதில், நோய் இருப்பதாகச் சொன்னார்கள். 2003இல் அவர் சர்வதேச அல்சைமர் நோய் அமைப்பின் நிர்வாக சபைக்குத் தெரிவானார். நோய் உள்ள ஒருவர் அந்தச் சபையில் அமர்ந்தது அதுதான் முதல்தடவை. ஸ்கொட்லாந்தில் ஜேம்ஸ் மக்கிலப் என்பவர் முன்னின்று 2002இல் ஒரு குழுவைத் தொடங்கினார். நோய் உள்ளவர்கள் மட்டுமே அதில் அங்கத்தவர்கள். அமைச்சர்களையும் அதிகாரிகளையும் அவர்களே நேரில் கண்டு பேசினார்கள். 2014இல் அப்படிப்பட்டவர்களின் உலகளாவிய அமைப்பு ஒன்றும் உருவாகியது. நம் பக்கத்தில் கேரளத்தில் 1992இலும், கொழும்பில் 2001இலும் இந்த நோய்க்கான அமைப்புகள் தொடங்கப்பட்டன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. தன் காரியத்தில் முடிவெடுக்க ஓர் ஆளுக்கு உதவி தேவையென்றால் அந்த உதவியைக் கொடுக்க வேண்டும், முடிவைப் பறிக்கக் கூடாது என்பது அதன் 12ஆம் உறுப்புரையின் சாரம்.

இவற்றை வாசிக்க எங்களுக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே எழுந்து பேசியவர்களிற் பெரும்பாலோர் நோயின் ஆரம்பத்தில் இருந்தவர்கள், ஆங்கிலத்தில் கூட்டங்களில் பேசிப் பழகியவர்கள். வற்றாப்பளையில் பின்னேரம் ஆறு மணிக்கு உடுப்புப் பை கட்டும் ஒருவருக்கு இது எப்படிப் பொருந்தும்?

அந்தப் பையைச் சொல்ல வேண்டும். பொழுதுபடும் நேரத்தில் ரீச்சருக்குப் பதற்றம் வரும். "வெளிக்கிடுங்கோ, ஷெல் வரப்போகுது" என்பார். காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், இரண்டு சேலை, ஒரு போத்தல் தண்ணீர் எல்லாம் ஒரு பைக்குள் போகும். 2009இல் இந்த மண்ணிலிருந்து ஓடி, செட்டிகுளம் முகாமில் இருந்து திரும்பிய எவருக்கும் அந்தப் பையை விளங்கும். எங்கள் வீடுகளிலும் அப்படி ஒன்று அலுமாரிக்கு மேல் இருக்கிறது, மறைப்பானேன். ஆனால் ரீச்சரின் பையை நாங்கள் ஒளித்து வைத்தோம். அவர் இரவிரவாகத் தேடினார். விடிய விடிய ஒருவர் மாறி ஒருவர் காவல் இருந்தோம்.

காலையில், அவருக்குத் தெளிவாக இருக்கும் ஒன்பது மணி போல, ஒரு தேத்தண்ணியோடு கேட்டோம்: "ரீச்சர், பையை என்ன செய்யிறது?" அவர் யோசித்தார். வெகுநேரம். நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம், அது பெரிய பாடு. "பை தலைமாட்டிலை கிடந்தால் நான் ஏன் எழும்பிறன்?" என்றார். அவ்வளவுதான். உறுதியின் பிரதி ஒன்று பைக்குள் இருக்கிறது. அசலை எங்கே வைப்பதென்று அவரே சொல்லி, அங்கே வைத்தோம். பை தலைமாட்டில். இப்போது பெரும்பாலான இரவுகளில் அவரும் தூங்குகிறார், நாங்களும் தூங்குகிறோம்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்ததென்று நினைக்க வேண்டாம். கோவில் விஷயம் இன்னும் எங்களுக்குள் தீராத வழக்கு. ரீச்சர் தினமும் பின்னேரம் கண்ணகி அம்மன் கோவிலுக்கு நடப்பவர். வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுப்பதும், முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் அந்த நீரில் விளக்கெரிவதும், திங்கட்கிழமை வற்றாப்பளையில் சனம் திரள்வதும் அவருக்கு இன்றும் ஒழுங்கு பிசகாமல் தெரியும். பாதை மட்டும் சிலவேளை பிசகும். பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் போடச் சொன்னோம். "மாட்டுக்குக் குறி சுடுற மாதிரி" என்று எறிந்தார். பிறகு தானே ஒரு வழி சொன்னார். காசு முடிவதுபோலச் சேலைத் தலைப்பில் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டை முடிந்துவிடச் சொன்னார்.

ஒருநாள் இரண்டு மணித்தியாலம் ஆளைக் காணவில்லை. நந்திக்கடல் பக்கம் போய்க் கரையில் இருந்திருக்கிறார். வலையோடு வந்த ஒரு தம்பி முடிச்சை அவிழ்த்துப் பார்த்து எங்களுக்கு அழைத்தார். அன்று இரவு கனடாவில் இருக்கும் மகள் தொலைபேசியில் அழுதார். படலையைப் பூட்டுங்கள் என்றார். பிழை சொல்ல முடியாது. தாயைத் தண்ணீர்க் கரையில் தேடும் செய்தியைப் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து கேட்பது எப்படியிருக்கும்? எங்களிலும் நான்கு பேர் பூட்டத்தான் வேண்டும் என்றார்கள். ஐந்து பேர் ரீச்சரைக் கேட்போம் என்றோம். கேட்டோம். "படலையைப் பூட்டினால் வேலியாலை போவன். ஆரும் கூட வந்தால் படலையாலை போவன்" என்றார். கூட வருபவரையும் அவரே தெரிந்தெடுத்தார்: எங்களை அல்ல, அயலில் இருக்கும் அதிகம் பேசாத ஒரு பெண்ணை. நீங்கள் அனுப்பிய பணத்தில் மீதி இப்போது அந்தப் பெண்ணின் மாதச் சம்பளமாகப் போகிறது. பயம் மகளுக்கும் போகவில்லை, எங்களுக்கும் போகவில்லை.

அவர் சொன்னதைக் கேட்காத நாளும் உண்டு. சிறுநீர்த்தொற்றோடு காய்ச்சல் ஏறி, ஆள் தெரியாமல் புலம்பியபோது வைத்தியசாலைக்கு வர மாட்டேன் என்றார். தூக்கிக்கொண்டு மாஞ்சோலைக்குப் போனோம். இன்றும் அப்படித்தான் செய்வோம். சுகமாகி வந்தபின் அதைச் சொல்லி மன்னிப்பும் கேட்டோம். "சரி, அடுத்தமுறையும் சொல்லிப்போட்டுத் தூக்குங்கோ" என்றார்.

பேச்சுக் குறையும் காலம் வரும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதற்கும் இப்போதே பழகுகிறோம். ஸ்கொட்லாந்தில் ஸ்ரேர்லிங் பல்கலைக்கழகத்தில் பேச்சுச் சிகிச்சையாளர்கள் படங்களை ஒரு விரிப்பில் வைத்து, பிடித்தது, பிடிக்காதது என்று நகர்த்தச் செய்யும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். எங்களிடம் அந்தப் படங்கள் இல்லை. பொருளையே வைக்கிறோம். நீத்துப்பெட்டியையும் இடியப்ப உரலையும் மேசையில் வைத்தால், இரவுக்கு எது வேண்டுமோ அதன்மேல் கை போகும். இரண்டுக்கு மேல் வைத்தால் குழம்புவார். முகம் திரும்பினால் அதுவும் பதில்தான்.

இந்த உரையை அவருக்கு மூன்று காலைகளில் வாசித்துக் காட்டினோம், மூன்று முறையும் சம்மதமா என்று கேட்டோம், ஏனென்றால் முதல்நாள் சொன்னது அவருக்கு நினைவிருக்காது. மூன்று முறையும் ஒரே பந்தியை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டோம்.

இப்போது வந்த காரியத்துக்கு வருகிறோம். நூற்றாண்டு நிதியில் எங்கள் பகுதியில் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்று கட்டச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. மனம் நிறைந்த நன்றி. கட்டட வரைபடமும் வந்தது, அழகாக இருக்கிறது. அதை ரீச்சரின் மேசையில் விரித்தோம். விரலால் ஒவ்வோர் அறையாகப் போனார். "அடுப்படி எங்கை?" என்றார். சமையல் வெளியிலிருந்து வரும் என்றோம். "கிணறு?" குழாய்த் தண்ணீர் என்றோம். "அப்ப நாங்கள் அங்கை என்ன செய்யிறது? சும்மா இருத்தி வைக்கவோ?"

வரைபடத்தில் சாய்தளம் இருக்கிறது, கைபிடி இருக்கிறது, நன்கொடையாளர் பெயர்ப்பலகைக்குச் சுவர் இருக்கிறது. வேலை செய்ய ஓர் இடம் இல்லை. புட்டு அவித்தும் அரிசி புடைத்தும் வாழ்ந்த பெண்களுக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருபது நாற்காலி.

ஆகையால் கேட்கிறோம். இந்த நோயோடு எங்கள் கிராமங்களில் வாழும் நான்கு பேரையாவது கட்டடக் குழுவில் சேருங்கள். கூட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கு, தமிழில், அவர்களுக்குப் பழகிய வீடொன்றில் வையுங்கள்; ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். ஓட்டோக் காசும் கூட வருபவரின் நாட்கூலியும் நிதியிலிருந்து கொடுங்கள். கூட்டக் குறிப்பை அடுத்த முறை அவர்களுக்கு மறுபடி வாசியுங்கள். தாமதமாகும் என்று பொருளாளர் சொல்வார். ஆகும்தான்.

வரைபடத்தின் ஒரு பிரதி இப்போது ரீச்சரிடம் இருக்கிறது. சிவப்புப் பேனையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். அதைத் திருத்தித் தரும்வரை அடிக்கல்லுக்கு நாள் பார்க்க வேண்டாம் என்று சபையைக் கேட்டுக்கொள்கிறோம்.