கச்சான் காற்றும் கரையில் நின்ற நாங்களும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீர் வயது போன காலத்தில் கடலில் பட்டம் விட்ட கதையைச் சொல்லும், பிள்ளைகள் கேட்கட்டும்" என்று எங்கள் செயலாளர் அக்கா கட்டளையிட்டார். ஐம்பத்தாறு வயதில் நான் கற்ற அந்த விளையாட்டுக்குக் கைட் சேர்ஃபிங் என்று பெயர். செய்தி கேட்டதும் என் தங்கை, "உங்களுக்கென்ன விசரா அக்கா?" என்றுதான் கேட்டாள்.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் அறிந்த பட்டந்தான். ஆனால் 7 முதல் 12 சதுர மீற்றர் வரை அகலமான துணி. அதன் முன்விளிம்பில் காற்றடைத்த குழாய். இருபது மீற்றருக்கு மேல் நீளமான நூல்கள். அவை இடுப்பில் கட்டிய பட்டியுடன் இணைந்திருக்கும். காலின்கீழ் ஒரு பலகை. காற்று பட்டத்தை இழுக்க, நாம் நீர்மேல் சறுக்கிப் போவோம். நீரில் விழுந்தாலும் மீண்டும் எழுப்பக்கூடிய இந்தக் காற்றடைத்த பட்டத்துக்கு, பிரான்ஸ் நாட்டுச் சகோதரர்களான புரூனோ, டொமினிக் லெகேன்யூ இருவரும் 1984 இல் காப்புரிமை கோரினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகப் போட்டியாக இடம்பெற்றது. பெண்களுக்கான தங்கப் பதக்கத்தைப் பிரித்தானியாவின் எல்லி ஆல்ட்ரிஜ் வென்றார். ஆண்கள் பிரிவில் வெண்கலம் பெற்ற சிங்கப்பூரின் மெக்ஸ் மேடருக்கு அப்போது வயது 17.

"இதைப் படிக்கக் கற்பிட்டிக்கு ஏன் போனீர்? திருகோணமலையில் இல்லாத கடலா?" என்று பலர் கேட்டார்கள். கடல் இருக்கிறது, காற்றுத்தான் இடம் கொடுக்கவில்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை எங்கள் ஊரில் வீசுவது கச்சான். தின்கிற கச்சானைச் சொல்லவில்லை, மேற்கிலிருந்து தரையைக் கடந்து சூடாக வரும் காற்றைச் சொல்கிறேன். அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால்தான் அந்த மாதங்களில் நிலாவெளியும் உப்புவெளியும் குளம்போல அமைதியாகக் கிடக்கின்றன. பார்ப்பதற்குப் பாதுகாப்பான கடல். ஆனால் பட்டக்காரருக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. பலகையைத் தவறவிட்டால் காற்று ஆளை வங்காள விரிகுடாவுக்குள் கொண்டு போய்விடும். ரயர் ரியூப்பில் மிதந்து விளையாடும் சிறுபிள்ளைக்கும் இதே கதிதான். அலை இல்லாத கடலில், பிள்ளை தூரம் போனதே கரையில் இருப்பவருக்குத் தெரியாது. வாடைக் காலத்திலோ மழையும் கொந்தளிப்பும். புதிதாகப் பழகுகிறவர் அந்தக் கடலில் இறங்க முடியாது.

ஆகவே அனுராதபுரம், புத்தளம், பாலாவி வழியாகத் தீவின் மறுகரைக்குப் போனேன். கற்பிட்டி ஒரு நீண்ட குடாநாடு. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. எங்களுக்குக் கடல்நோக்கி வீசும் அதே பருவக்காற்று, அங்கே கடலிலிருந்து கரைக்கு வருகிறது. மணல்திட்டுக்குப் பின்னாலுள்ள ஆழமற்ற நீரில் அலை இராது, காற்று மட்டும் இருக்கும். பழகுவதற்கு அப்படி ஓர் இடம் வேண்டும். பின்னர் தலைமன்னாருக்கும் போனேன். மன்னார்த் தீவில் 2020 இல் திறக்கப்பட்ட காற்றாலைகளைச் சுழற்றும் காற்றுத்தான் அங்கே பட்டத்தையும் இழுக்கிறது. எதிர்க்கரையில் ராமேஸ்வரத்திலும் இந்த விளையாட்டைப் பழக்குகிறார்கள்.

இந்தக் கரைகள் படத்தில் பார்ப்பதுபோல இல்லை. நிழல் கிடையாது. குடிதண்ணீரைச் சுமந்துகொண்டு போகவேண்டும். காலில் சிப்பி வெட்டினால் மருந்து கட்ட ஆள் தேட வேண்டும். அதனால் தனியாகப் போகக்கூடாது. மீட்க ஒரு படகு தயாராக நிற்க வேண்டும். இன்றைக்குக் காற்று எப்படி மாறும் என்று அந்தக் கரை மீனவரிடம் கேட்காமல் இறங்கவும் கூடாது. கைத்தொலைபேசி சொல்லும் காற்றைவிட அவர்கள் சொன்ன காற்று எனக்குப் பலநாள் சரியாக இருந்தது.

அடிப்படைப் பயிற்சி பொதுவாக 9 முதல் 12 மணித்தியாலம். எனக்கு அதைப்போல இரண்டு மடங்கு பிடித்தது. முதல்நாள் மணலில் நின்று காற்றின் திசையைப் பார்க்கத்தான் பழக்கினார்கள். பட்டம் தலைக்கு மேலே உச்சியில் நின்றால் இழுவை குறைவு. காற்றுப் போகும் திசையில் நேர் முன்னே தாழ்ந்தால் ஆளைத் தூக்கி எறியும். அடுத்த பாடம் பட்டத்தை விடுவிப்பது. நெஞ்சுக்கு நேரே ஒரு பிடி இருக்கும். அதைத் தள்ளினால் பட்டம் வலுவிழந்து விழும். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொடத் தெரிந்த பிறகே நீரில் இறக்கினார்கள். பிறகு பலகை இல்லாமல் பட்டத்தின் இழுவையில் நீந்தி வருவது. கடைசியாகத்தான் பலகையில் எழும்புவது.

சிறுவயதில் அண்ணன்மார் பட்டம் ஏற்றும்போது அதைத் தூக்கிப் பிடித்து விடுவது எங்கள் வேலை. நூல் அவர்கள் கையில். இங்கும் ஒருவர் தூக்கி விட, ஒருவர் ஏற்ற வேண்டும். ஆனால் இரண்டு வேலையையும் எல்லோரும் மாறி மாறிச் செய்கிறார்கள். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, தலையை மூடும் துணி என்று விரும்பியதை அணியலாம். உடை அங்கே யாருக்கும் தடையாக இருக்கவில்லை.

தடையாக இருந்தது வேறொன்று. பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி, "நீந்தத் தெரியுமா?" எனக்குத் தெரியும். ஆனால் நான் நீந்தப் பழகியது மெல்பேர்னில், முப்பத்தைந்து வயதில், மகளோடு பொது நீச்சல் தடாகத்துக்குப் போய். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் பிறந்த எங்கள் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் சுழியோடிப் பழைய கோயிலின் தூண்களைப் பார்த்தார்கள். எங்கள் கடலின் அடியை வெளியூரார் பார்த்தார்கள். நாங்கள் கரையில் நின்று கால் நனைத்தோம்.

இது வெறும் விளையாட்டுக் குறை அல்ல. 2004 மார்கழி 26 ஐ இந்த மண்டபத்தில் யாரும் மறக்கவில்லை. கிழக்கில் பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள். பெண்களுக்கு நீந்தவும் மரமேறவும் தெரியாதிருந்தது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த அலையின் முன் நீச்சல் எல்லோரையும் காப்பாற்றியிருக்காது. சிலரைக் காப்பாற்றியிருக்கும். அந்தச் சிலரில் நம்மோடு படித்தவர்களும் இருந்திருக்கலாம்.

மாற்றம் முடியாததல்ல. எங்கள் கிழக்குக் கரையிலேயே, அறுகம்குடாவில், 2018 இல் உள்ளூர்ப் பெண்கள் தங்களுக்கென அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். "பெண்பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை?" என்று கேட்ட ஊரில்தான் தொடங்கினார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். எல்லோரும் பட்டம் பிடியுங்கள் என்று நான் கேட்கவில்லை. நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புவது நல்லது. அதோடு, இங்கு படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் க.பொ.த. சாதாரண தரம் எழுதுமுன் நீந்தப் பழகிவிட வேண்டும் என்று லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ன், கொழும்பு எங்கிருந்தாலும் நாங்கள் பொறுப்பெடுப்போம். பெண் பயிற்சியாளர், உயிர்காப்பு அங்கி, போக்குவரத்து, இவ்வளவுதான் செலவு. பத்து நிமிடம் மிதக்கவும், காற்று எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்த்துச் சொல்லவும் தெரிந்தாலே போதும். பயிற்சியாளர் ஒருவரின் முதலாண்டுச் சம்பளத்தை நான் ஏற்கிறேன். மற்றதை நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். தேநீர் இடைவேளையில் பெயர் எழுதக் கொப்பியோடு நிற்பேன்.