பாத மரு: பிளேடு வேண்டாம், பொறுமை வேண்டும்



உள்ளங்காலில் கடினமாக எது தோன்றினாலும் நம்மில் பலர் அதைக் ‘கால் ஆணி’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆணி என்பது காலணி உரசித் தோல் தடித்துப்போவது, அது தொற்றாது. பாத மரு கிருமியால் வருவது. தோலிலுள்ள சிறு வெடிப்பு வழியாக நுழையும், மற்றவர்களுக்கும் பரவும். ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இருபுறமும் சேர்த்துக் கிள்ளினால் வலிக்கும். மருவில் சிறு கரும்புள்ளிகளும் தெரியலாம். அவை ‘வேர்’ அல்ல, இரத்தம் உறைந்த நுண்குழாய்கள்.

அந்த ‘வேரை’ எடுப்பதாக நினைத்துப் பிளேடால் வெட்டாதீர்கள். கிருமி சுற்றிலும் பரவும், புண்ணில் சீழ் பிடிக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் கடையில் விற்கும் மருந்தைக்கூடத் தாங்களாகப் போடக்கூடாது. காலில் உணர்வு குறைந்திருந்தால், மருந்து தோலைப் புண்ணாக்குவதே தெரியாது. முதலில் பலதுறை மருந்தகத்திற்குச் செல்லுங்கள். இரத்தம் கசிந்தாலோ நிறம் மாறினாலோ யாராக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றவர்கள் மருந்தாளரிடம் கேட்டு, சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்தை வாங்கலாம். தினமும் பாதத்தை 5 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடையுங்கள். மேலே வெளுத்திருக்கும் தோலைப் பாதம் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேயுங்கள். அந்தக் கல்லை வேறெங்கும், வேறெவரும் பயன்படுத்தக்கூடாது. சுற்றியுள்ள நல்ல தோலில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிட்டு, மருவின்மீது மட்டும் மருந்திடுங்கள். எரிச்சல் அதிகமானால் சில நாள் நிறுத்தி, பிறகு தொடருங்கள்.

இதற்கு 12 வாரம்கூட ஆகலாம். வலி போனதும் மருந்தை விட்டுவிட்டால், மிச்சமிருக்கும் மரு மறுபடியும் வளரும். தோலின் ரேகைகள் பழையபடி தொடர்ச்சியாகத் தெரியும்வரை போடுங்கள். அப்படியும் குறையாவிட்டால், மருத்துவர் திரவ நைட்ரஜனால் மருவை உறையவைக்கலாம். அதுவும் பெரும்பாலும் ஒரே தடவையில் முடிவதில்லை. பிள்ளைகளுக்கு வலி இல்லையென்றால் காத்திருக்கலாம். பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும்.

நீச்சல் குளத்திலும் பொதுக் குளியலறையிலும் சிலிப்பர் அணியுங்கள். கோயிலில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மருவின்மீது நீர்புகாத பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். கால் கழுவியபின் ஈரம்போகத் துடையுங்கள். நம் ஊர் வெயிலில் மூடிய காலணிக்குள் வியர்த்துக் கொட்டும், ஆகவே காலுறையைத் தினமும் மாற்றுங்கள். துண்டைப் பகிர வேண்டாம்.

வீட்டில் ஒருவருக்கு மரு இருந்தால் எல்லாருடைய பாதங்களையும் பாருங்கள். மூத்தோருக்குக் குனிந்து பார்ப்பது சிரமம். பிள்ளைகள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.